லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி: பில்ரரை எப்போது பூட்டுவது, எப்போது கழற்றுவது

கேள்வி சுருக்கமாக இது. ஒருவர் 24-105 எஃப் 4 லென்ஸ் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறார். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று யாழ்ப்பாணத்துக்குள் ஓடி ஓடிப் படம் எடுக்கிறார். கடையில், லென்ஸின் முன்னால் திருகிப் பூட்டும் யூவி (புறஊதா) பில்ரர் ஒன்றையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார்கள். வேலை பழக்கின ஸ்ரூடியோக்காரர், பில்ரர் இல்லாமல் லென்ஸை வெளியே எடுக்கவே கூடாது என்கிறார். யூடியூப்பில் பார்த்தால் அது காசுக்குக் கேடு, படத்துக்கும் கேடு என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

என் பதில்: நல்ல பில்ரர் ஒன்று வைத்திருங்கள். அதன் வழக்கமான இடம் கமராப் பை. லென்ஸை நோக்கி ஏதாவது பறந்துவரும், தெறிக்கும், ஒட்டும் இடங்களில் பூட்டுங்கள். லென்ஸுக்குள் நேரே லைற் அடிக்கும் இடங்களில் கழற்றுங்கள். லென்ஸின் முனையைச் சுற்றி மாட்டும் மறைப்பான ஹுட் மட்டும் எந்நேரமும் இருக்கட்டும். கடையில் தந்த அந்தப் பில்ரர் தேறுமா என்று பார்க்கும் முறையைக் கீழே சொல்கிறேன், அநேகமாகத் தேறாது.

யூவி என்ற பெயரை முதலில் ஒதுக்கிவிடலாம். பிலிம் காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. பிலிமில் புறஊதாக் கதிரும் பதியும். கடற்கரையிலும் மலைப்பக்கத்திலும் எடுத்த கலர்ப் படங்களில் தூரத்துக் காட்சி நீலம் பூத்து மங்கலாக விழும். அதை வெட்டத்தான் யூவி பில்ரரும், இலேசான இளஞ்சிவப்புச் சாயம் உள்ள ஸ்கைலைற் பில்ரரும் வந்தன. டிஜிற்றல் கமராவில் சென்சருக்கு முன்னாலேயே புறஊதாவையும் அகச்சிவப்பையும் வெட்டும் கண்ணாடி இருக்கிறது. லென்ஸுக்குள் உள்ள கண்ணாடிகளும் அவற்றை ஒட்டும் பசையும் தங்கள் பங்குக்குக் கொஞ்சத்தை விழுங்கிவிடும். கசூரினாக் கடற்கரையில் மத்தியானம் எடுத்த படத்தில் அடிவானம் வெளிறிக் கிடந்தால், காற்றில் உள்ள ஈரமும் உப்புத் துகளும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதுதான் காரணம். யூவி பில்ரர் அதைத் தொடாது. ஊதா ரோர்ச்சை அடித்து, பில்ரருக்குப் பின்னால் காசுத்தாள் ஒளிராமல் இருப்பதைக் காட்டும் விற்பனை வீடியோக்கள் பொய்யில்லை; உங்கள் கமராவுக்குத் தேவைப்படாத ஒரு வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது என்பதுதான் அதில் தெரிவது. பழைய ஸ்கைலைற் பில்ரர் ஏதும் ஸ்ரூடியோ லாச்சியில் கிடந்தால் டிஜிற்றலுக்கு எடுக்காதீர்கள், அந்தச் சாயம் வெள்ளைச் சமநிலையைக் குழப்பும்.

ஆக, பில்ரர் என்பது காப்புக்கான ஒரு தட்டைக் கண்ணாடி, அவ்வளவே. யூவி என்று எழுதியிருந்தாலும் சரி, புரொடெக்ரர் என்று எழுதியிருந்தாலும் சரி, பார்க்கவேண்டியது மூன்று விஷயம்தான்: பூச்சு, தட்டைத்தன்மை, வளையம்.

பூச்சிலிருந்து தொடங்குவோம். பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 4 வீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பில்ரருக்கு இரண்டு பக்கம், ஆகவே 8 வீதம். ஒற்றைப் பூச்சுப் போட்டால் பக்கத்துக்கு ஒன்றரை வீதம் அளவுக்கு இறங்கும். நல்ல பல்லடுக்குப் பூச்சில் பக்கத்துக்கு அரை வீதத்துக்கும் கீழ். 8 வீதம் இழந்தால் எக்ஸ்போஷரில் ஒரு ஸ்ரொப்பின் (வெளிச்சம் பாதியாகக் குறையும் அளவின்) எட்டில் ஒரு பங்குகூட வராது, கண்ணுக்குத் தெரியாது. பிரச்சினை அந்த வெளிச்சம் குறைவதில் இல்லை, அது எங்கே போய் விழுகிறது என்பதில்தான்.

சென்சர் ஒரு பளபளப்பான தட்டு. அதில் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கு திரும்ப லென்ஸ் வழியாகவே வெளியே வரும். லென்ஸின் முன்கண்ணாடி வளைந்திருப்பதால், அதில் பட்டுத் திரும்புவது பெரும்பாலும் விரிந்து பரவிக் காணாமல் போய்விடும். பில்ரரோ தட்டையாக, லென்ஸின் அச்சுக்கு நேர்குத்தாக நிற்கிறது. வெளியே போன வெளிச்சத்தில் கொஞ்சத்தை அது வந்த வழியே உள்ளே திருப்பிவிடும். லென்ஸ் அதை மறுபடி குவித்துச் சென்சரில் போடும். விளைவு, படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அதே விளக்கின் தலைகீழ் உரு. மேல் இடது மூலையில் ஒரு லைற் இருந்தால் கீழ் வலது மூலையில் ஒரு மங்கல் பொட்டு. சிலவேளை பச்சை, சிலவேளை ஊதா. கோஸ்ற் என்று சொல்வது இதைத்தான்.

பகலில், முற்றத்தில் நின்று மணமக்களை எடுக்கும்போது இதெல்லாம் தெரியாது. நல்லூர்ச் சப்பறத்தன்று இரவு நின்று பாருங்கள். கறுத்த வானம், அதற்குக் குறுக்கே சரம்சரமாக மின்விளக்கு, நடுவில் போக்கஸ் லைற் அடித்த சப்பறம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு எதிருரு கறுப்பு வானத்தில் மிதக்கும். வீடியோவில் இன்னும் மோசம்: கமராவை இடப்பக்கம் திருப்பினால் விளக்குகள் ஒரு பக்கம் போக, பொய்ப்பொட்டுகள் மறுபக்கம் ஓடும். எடிற்றிங்கில் நிலைப்படத்தில் அழித்துவிடலாம். ஓடும் படத்தில் அழிக்க மினக்கெட முடியாது. ஆகையால் இரவுத் திருவிழா, மேடை நிகழ்ச்சி, கலியாண மண்டப வாசலில் பின்லைற், குத்துவிளக்கை நேரே வைத்து எடுக்கும் படம், சூரியன் சட்டத்துக்குள் நிற்கும் பின்னேரப் படம், இவற்றுக்கெல்லாம் பில்ரர் வெளியே. விலை கூடிய பில்ரருக்கும் இது பொருந்தும். நல்ல பூச்சு கோஸ்ற்றை மங்கலாக்கும்; ஒன்றுமில்லாமல் ஆக்காது.

மேடை லேசரையும் இதோடு சொல்லிவிட வேண்டும், கனபேர் பிழையாக விளங்கியிருக்கிறார்கள். லேசர்க் கதிர் நேரே லென்ஸுக்குள் வந்தால் சென்சர் எரிந்துபோகலாம். எந்த யூவி பில்ரரும் அதைத் தடுக்காது. சூரிய கிரகணத்துக்கும் அப்படியே. அதற்கென்று செய்த சோலார் பில்ரர் வேறு சாமான்.

அடுத்தது தட்டைத்தன்மை. இதில்தான் மலிவுப் பில்ரர், தூரத்தைக் கிட்ட இழுத்துக் காட்டும் ரெலி லென்ஸைக் கெடுக்கிறது, அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸில் தப்பித்துக்கொள்கிறது. காரணம் சிறு கணக்கு. குவியத்தூரத்தை (24-105 என்று லென்ஸில் எழுதியிருக்கும் மில்லிமீற்றர் எண்ணை) எஃப் எண்ணால் பிரித்தால், வெளிச்சம் உள்ளே போகும் துளையின் விட்டம் வரும். 24 மில்லிமீற்றரில் எஃப் 8 என்றால் 3 மில்லிமீற்றர். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பில்ரரில் ஒரு சின்னத் துண்டு மட்டும்தான் வேலை செய்கிறது. அந்தத் துண்டுக்குள் கண்ணாடி எவ்வளவுதான் நெளிந்துவிடப் போகிறது? 70-200 எஃப் 2.8 லென்ஸை 200இல் முழுக்கத் திறந்தால் 71 மில்லிமீற்றர். பில்ரரின் முகம் முழுவதுமே ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் தடித்தோ நெளிந்தோ இருந்தால் படம் பால் படிந்ததுபோல் மென்மையாகிவிடும், ஓட்டோஃபோகஸும் தடுமாறும். வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவில் 300, 400 மில்லிமீற்றரில் எடுத்துவிட்டு "லென்ஸ் சார்ப் இல்லை" என்று குறைப்படுகிறவர்கள் முதலில் பில்ரரைக் கழற்றி ஒருதரம் எடுத்துப் பார்க்கட்டும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று விளங்கும். அழுக்கும் கீறலும் ரெலியில் தெரியாது, வைட்டில் தெரியும். 18 மில்லிமீற்றரில் எஃப் 16 என்றால் துளை 1 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும். முன்கண்ணாடியில் ஒரு உப்புத்துளி காய்ந்திருந்தால் படத்தில் ஒரு மங்கல் வட்டமாக விழும். 200 எஃப் 2.8இல் அதே துளி எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்கவே முடியாது. முன்கண்ணாடியில் ஒரு மயிர்க்கீறல் விழுந்துவிட்டது என்று நித்திரை கொள்ளாமல் இருக்கிறவர்களுக்கு: அது படத்தில் வராது. ஆழமாகச் சிதறின ஒரு பொளி இருந்தால், சூரியனுக்கு எதிராக எடுக்கும்போது பிளெயர் (வெளிச்சம் சிதறி விழும் வெளுப்பு) கொடுக்கும்; பொளிக்குள் மட்டும் கறுப்பு மை தொட்டுவைத்தால் அது பெரும்பாலும் அடங்கும். விற்கும்போது விலை குறையும் என்பது வேறு கதை. பின்கண்ணாடியில் விழும் கீறல்தான் உண்மையில் படத்தைக் கெடுக்கும், அதற்குப் பூட்ட யாரும் பில்ரர் விற்பதில்லை. பின்மூடியைப் போட மறக்காதீர்கள்.

விழுந்தால் பில்ரர் காப்பாற்றுமா என்பதில்தான் ஆட்கள் அதிகம் சண்டை பிடிப்பார்கள். பில்ரர்க் கண்ணாடி 1, 2 மில்லிமீற்றர் தடிப்பு, தட்டை. லென்ஸின் முன்கண்ணாடி அதைவிடப் பல மடங்கு தடிப்பு. முன்கண்ணாடிக்கு ஒன்றும் செய்யாத தட்டுக்கும் பில்ரர் நொறுங்கும். "பில்ரர் உடைந்தது, லென்ஸ் தப்பியது" என்று காட்டுகிற படங்கள் பலவற்றில், பில்ரர் இல்லாவிட்டாலும் லென்ஸ் தப்பியிருக்கும். அதைவிட, உடைந்த துண்டுகள் முன்கண்ணாடிமேல் அழுந்திக் கீறும். அந்தக் கீறல் பில்ரர் தந்த பரிசு. ஆனால் வளையத்தின் பங்கை மறுக்க முடியாது. லென்ஸ் முகங்குப்புற விழுந்து விளிம்பில் அடிபட்டால் பில்ரர் வளையம் நெளியும், பில்ரரைத் திருகிப் பூட்டும் லென்ஸின் புரி பழுதாகாமல் தப்பும். அதையே ஹுட் இன்னும் நன்றாகச் செய்கிறது. பிளாஸ்ரிக் ஹுட் வளைந்து கொடுக்கும், உடைந்தால் ஹுட் உடையும், கண்ணாடிக்கும் நிலத்துக்கும் இடையில் சில சென்ரிமீற்றர் இடைவெளி விடும், பக்கத்து லைற்றையும் தடுக்கும். சன நெரிசலில் முழங்கை படுவதையும் கமரா வாருடன் ஆடிக் கதவில் மோதுவதையும் தாங்குவது ஹுட்டின் வேலை. அதைத் திருப்பிப் பூட்டிக்கொண்டு படம் எடுக்கிறவர்களைத் தேர்முட்டியடியில் எப்போதும் காணலாம். அப்படிப் பூட்டின ஹுட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்படியானால் பில்ரருக்கு என்ன வேலை? யாழ்ப்பாணத்தில் நிறைய வேலை இருக்கிறது, வேறு ஊர்க்காரர் எழுதும் ஆலோசனையில் அது வராது.

உப்பு முதலாவது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகில் போகும்போது, சோளகம் அடிக்கிற மாதங்களில் அலைத்தூவல் முகத்தில் அடிக்கும். வல்லிபுர ஆழ்வார் கடல்தீர்த்தத்தில் சனத்தோடு தண்ணீருக்குள் இறங்கி நிற்கவேண்டி வரும். அந்தத் துளி காய்ந்தால் உப்புப் பளிங்கு. காய்ந்த நிலையில் துணியால் தேய்த்தால் பூச்சில் கோடு விழும். இரண்டாவது மணல். மணற்காட்டு மணல்மேட்டில் காற்று எழும்பினால் மணல் முட்டளவு உயரத்தில் ஓடும். தாழ்வாக இருந்து எடுக்கிறவருக்கு லென்ஸ் நேரே அதன் வழியில். இங்கே ஒரு கவனம்: அங்கே போய் நின்றுகொண்டு பில்ரர் மாற்றக்கூடாது. கழற்றும்போது புரியில் சிக்கின மணல் முன்கண்ணாடியில் கொட்டும். வீட்டிலேயே பூட்டிக்கொண்டு போய், வீட்டில் வந்துதான் கழற்ற வேண்டும்.

கோயில் வீதியில் தேரன்று பறக்கும் சாமான்களைப் பாருங்கள். சிதறுதேங்காய் அடிக்கும் இடத்தில் இளநீரும் சிரட்டைத் துண்டும் சேர்ந்தே பறக்கும். கற்பூரச் சட்டிப் புகை பிசுபிசுப்பான கரியாகப் படியும். திருநீறு சாம்பல், அதில் மணல்போல உரசும் துகள் உண்டு, உலர்ந்தபடியே தேய்த்தால் அரிக்கும். சந்தனம் காய்ந்தால் ஒட்டிப் பிடிக்கும். கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச்செம்பு, உள்ளே அறுகரிசி; ஓமகுண்டத்துக்குக் கிட்டக் குந்தியிருந்தால் பொறியும் நெய்ப்புகையும். பிறந்தநாள் வீட்டில் நுரை ஸ்பிரே. வெளிப்புறப் படப்பிடிப்பில் கலர்ப்புகைக் குண்டு. அதன் சாயம் எண்ணெய்த்தன்மையாக ஒட்டும். இவை எல்லாவற்றுக்கும் பில்ரர் சரியான மருந்து. லென்ஸை நாளுக்குப் பத்துத் தரம் துடைப்பதைவிட, தேய்ந்தால் எறிந்துவிடக்கூடிய ஒரு கண்ணாடியைத் துடைப்பது நல்லது. முக்கியமாக, பில்ரரைக் கழற்றிக் கழுவலாம். லென்ஸைக் கழுவ முடியாது.

இன்னும் ஒரு சாரார் கட்டாயம் பூட்ட வேண்டும். தூசு, ஈரத்துக்கு இறப்பர் அடைப்பு வைத்த லென்ஸ்களில் சில, முன்னால் பில்ரர் பூட்டினால்தான் அடைப்பு முழுமையாகும் என்ற அமைப்பில் வந்தவை. கனன் 17-40 எஃப் 4 எல், 16-35 எஃப் 2.8 எல் போன்றவை அப்படி. முன்கண்ணாடி விளிம்புக்குள் அசைவதால் அங்கே இடைவெளி இருக்கும். வாடைக்காலத்து மழையில் அவற்றைப் பில்ரர் இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். உங்கள் லென்ஸின் கையேட்டில் இது எழுதியிருக்கும், வாசியுங்கள். மறுதலையாக, முன்கண்ணாடி முட்டைபோல் புடைத்த 14-24 மாதிரியான லென்ஸிலும் மீன்கண் லென்ஸிலும் பூட்டவே புரி கிடையாது, யோசிக்க ஒன்றுமில்லை. புதிய விலைகூடிய லென்ஸ் பலவற்றின் முன்கண்ணாடிக்கு ஃபுளோரின் பூச்சு இருக்கிறது; எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாமல் வழுக்கும், துடைப்பது சுலபம். அப்படியான லென்ஸுக்குப் பில்ரரின் அவசியம் இன்னும் குறைவு.

கமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிற் லென்ஸ் வைத்திருப்பவர் பில்ரருக்குக் காசு போட வேண்டாம். நல்ல பில்ரரின் விலை, பாவித்த கிற் லென்ஸ் ஒன்றின் விலையோடு போட்டி போடும். மலிவுப் பில்ரர் படத்தைக் கெடுக்கும். ஹுட் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

இனி, கையில் இருக்கும் பில்ரரைச் சோதிப்பது. ஒரு வெள்ளைத் தாளில் வைத்து மேலிருந்து பாருங்கள். மஞ்சளோ இளஞ்சிவப்போ தட்டினால் சாயம் உண்டு. பிறகு ரியூப்லைற்றின் கீழே சரித்துப் பிடியுங்கள். யன்னல் கண்ணாடியில் தெரிவதுபோல ரியூப்லைற் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் பூச்சே இல்லை. மங்கலாக, பச்சையோ ஊதாவோ கலந்து தெரிந்தால் பூச்சு இருக்கிறது. எவ்வளவு மங்கலோ அவ்வளவு நல்லது. அப்படியே தாழ்வான கோணத்துக்குச் சரித்துக்கொண்டு, தெரியும் ரியூப்லைற் விளிம்பைக் கவனித்தபடி மெல்லத் திருப்புங்கள். நேர்கோடு நெளிந்தால் கண்ணாடி நெளிவு. மேசையில் வைத்து ஆட்டிப் பார்த்துக் கண்ணாடி கடகடத்தால் வளையம் சரியில்லை.

அடுத்தது கமராவில். ரைபொட்டில் வைத்து, இருட்டில் ஒரு எல்ஈடி பல்ப்பைச் சட்டத்தின் ஒரு மூலைப் பக்கம் வரவிட்டு, மனுவலில் ஒரே எக்ஸ்போஷரில் பில்ரரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எடுங்கள். எதிர் மூலையைப் பெருப்பித்துப் பாருங்கள். பிறகு உங்களிடம் உள்ள ஆக நீளமான குவியத்தூரத்தில், எஃப் எண்ணை ஆகச் சிறிதாக்கி, கொஞ்சத் தூரத்தில் ஒரு கடைப்பலகை எழுத்தையோ கோபுரத்துச் சிற்பத்தையோ லைவ்வியூவில் பத்து மடங்கு பெருப்பித்துப் பிடியுங்கள். ஷட்டர் 2 செக்கன் தாமதத்தில். அதையும் இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் புதிதாக ஃபோகஸ் செய்து. வித்தியாசம் தெரிந்தால் அந்தப் பில்ரர் 105இல்கூட உங்களுக்குச் சரிவராது, 200ஐப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தேறாத பில்ரரை எறியத் தேவையில்லை. உள்ளே கண்ணாடியைப் பிடித்திருக்கும் மெல்லிய வளையத்தில் இரண்டு சின்ன வெட்டு இருந்தால், அதைத் திருப்பிக் கழற்றிக் கண்ணாடியை எடுத்துவிட்டு, வெறும் வளையத்தைப் புரிக்குக் காவலாகப் பூட்டிவைக்கலாம்.

வாங்குவதென்றால் முதலில் அளவு. லென்ஸின் முன்விளிம்பில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட அடையாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மூடியின் உட்பக்கத்திலும் பல கம்பனிகள் போட்டிருக்கும். கனன் 50 எஃப் 1.8 எஸ்ரிஎம்முக்கு 49, நிக்கோன் 50 எஃப் 1.8 ஜிக்கு 58, கனன் எல் வரிசை 24-105 எஃப் 4க்கு 77, கனன் 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்புக்கு 82. இதைக் குவியத்தூரத்தோடு மாறி விளங்கி "50க்கு 50 பில்ரர் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். பெரிய அளவில் ஒன்றை வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு, சின்னப் புரியில் பெரிய பில்ரரைப் பொருத்தும் ஸ்ரெப்அப் வளையம் போட்டுப் பாவிக்கலாம்தான், ஆனால் சின்ன லென்ஸின் ஹுட் பிறகு பூட்ட முடியாது. காப்புப் பில்ரருக்கு அந்தச் சிக்கனம் சரிவராது. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி, பளபளப்பை வெட்டும் போலரைசர் ஆகிய பில்ரர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லடுக்குப் பூச்சு, அதற்கு மேலே தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாத மேற்பூச்சு, இரண்டும் இருக்க வேண்டும். மேற்பூச்சு இல்லாத பழைய வகைப் பல்பூச்சுப் பில்ரர்கள் படத்துக்கு நல்லவை, துடைக்கப்போனால் சீவன் போய்விடும். கைரேகை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இடம் மாறுமே தவிரப் போகாது. வளையம் பித்தளையாக இருந்தால் உத்தமம். லென்ஸின் புரி அலுமினியமாக இருக்கும்போது பில்ரரும் அலுமினியம் என்றால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் தன்மை கூட. பி+டபிள்யூ பித்தளை வளையத்துக்குப் பெயர்போனது. ஹோயா, நைசி, கென்கோ ஆகியவற்றிலும் மேல்வரிசைச் சாமான் நன்றாகவே இருக்கும், கீழ்வரிசையை அதே பெயரை நம்பி வாங்காதீர்கள். இணையத்தில் போலிகள் தாராளம். வளையத்து எழுத்து மங்கலாக அச்சடித்ததுபோல் இருந்தாலோ, புரி இரண்டு சுற்றில் சொரசொரத்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 24 மில்லிமீற்றரிலும் அதற்கு அகலமாகவும் எடுப்பவர் மெல்லிய வளையமாகப் பார்க்க வேண்டும், தடித்த வளையம் மூலைகளைக் கறுப்பாக்கும். போலரைசர் போடும்போது காப்புப் பில்ரரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால் நாலு கண்ணாடி முகம், மூலையும் கறுக்கும். போலரைசரையே நிரந்தரக் காப்பாக விட்டுவைக்கிற பழக்கமும் இருக்கிறது: ஏறக்குறைய ஒன்றரை ஸ்ரொப் போய்விடும், மண்டபத்துக்குள் நூறில் ஒரு செக்கனில் எடுக்க வேண்டியதை முப்பத்தைந்தில் ஒரு செக்கனில் எடுக்க வேண்டிவரும்.

பராமரிப்பில் ஆகப்பெரிய எதிரி சேட் நுனி, லேஞ்சி, சால்வைத் தலைப்பு. முதலில் ஊதும் பம்ப். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும். பிறகு மென்தூரிகை. அதன்பிறகும் ஏதாவது ஒட்டியிருந்தால் மட்டும் திரவம், அதையும் துணியில் விட்டு, நடுவிலிருந்து விளிம்புக்குச் சுற்றிச் சுற்றி. கற்பூரக் கரிக்கும் நெய்ப்புகைக்கும் ஐசோபுரோபைல் அற்ககோல் நல்லது. உப்பு, சந்தனம், பன்னீர், நுரை ஆகியவற்றுக்குப் பில்ரரைக் கழற்றி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தோடு கழுவி, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். ஆனால் கிணற்றுத் தண்ணீரில் முடிக்காதீர்கள். எங்கள் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல், தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். கேத்தலுக்குள் பிடிக்கும் அதே வெள்ளைதான். கடைசி அலசலுக்கு வடித்த நீர் வேண்டும். வாகனப் பற்றரிக்கு விடும் வடித்த நீர் போதும், போத்தலை நன்றாக வாசித்து வாங்குங்கள். பக்கத்திலேயே பற்றரி அசிற்றும் விற்பார்கள். கழுவின பில்ரரை விளிம்பில் நிறுத்திக் காயவிட்டு, வளையத்துக்குள் ஈரம் முற்றாகப் போனபிறகுதான் பூட்டலாம். அரைகுறை ஈரத்தோடு பூட்டினால் பில்ரருக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஈரத்தை அடைத்துவைத்துப் பூஞ்சணம் வளர்க்கிறீர்கள். மாதக்கணக்கில் கழற்றாத பில்ரருக்குப் பின்னால் வெள்ளைச் சிலந்திவலைபோல் பிடித்திருப்பது அதுதான். லென்ஸை வைக்க இரப்பர் விளிம்பு மூடியுள்ள பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி வேண்டும். உள்ளே ஈரப்பதத்தை 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருந்தால் போதும்.

ஏசி வாகனத்தில் வந்து நல்லூர் வீதியில் இறங்கினவுடன் கண்ணாடி புகைப்பதும் இதோடு சேர்ந்த கரைச்சல். பில்ரரின் வெளிப்பக்கத்தைத் துடைத்தாலும் உட்பக்கம் புகைந்தே இருக்கும். இறங்குவதற்கு இருபது முப்பது நிமிடத்துக்கு முன்பே ஏசியை நிற்பாட்டி, கமராவைப் பையைத் திறக்காமல் சூடேற விடுங்கள்.

போன் கமராவுக்கு ஒட்டுகிற கண்ணாடியும் இதே சங்கதிதான், இன்னும் மோசமானது. பெரும்பாலும் பூச்சில்லை, லென்ஸுக்கும் அதற்கும் இடையில் காற்று, ஓரத்தில் பசை. பிளாஷ் போட்டு எடுத்தால் வெளிச்சம் அந்தக் கண்ணாடிக்குள்ளாலேயே பக்கவாட்டில் ஓடி லென்ஸுக்குள் வந்து படம் வெளுக்கும். போன் லென்ஸுக்கு மேலே இருப்பதே ஏற்கெனவே ஒரு உறுதியான காப்புக் கண்ணாடி. வேண்டாம்.

கடைசியாக, இறுகிப்போன பில்ரர். பூட்டும்போதே கவனித்தால் பாதிப் பிரச்சினை வராது: முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள், புரி விழும் ஒரு சின்னத் தட்டுக் கேட்கும், அதன்பிறகு பூட்டும் பக்கம். விரல்நுனி இறுக்கம் போதும். கிழமைக்கொருதரம் கழற்றிப் புரியைத் துடைத்துப் பூட்டுங்கள். புரிக்குப் பென்சில் கரி தேய்க்கச் சொல்வார்கள். உப்புக்காற்றில் கரியும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், இங்கே அது ஆகாது. இறுகிவிட்டால் ஆட்கள் செய்வது இரண்டு விரலால் அமத்தித் திருகுவது. அமத்த அமத்த வளையம் முட்டை வடிவமாகி இன்னும் கவ்வும். சைக்கிள் ரியூப்பில் ஒரு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டி, பில்ரர் விளிம்பைச் சுற்றி மாட்டி, எல்லா விரல்களையும் சுற்றவரப் பரப்பிவைத்து மெல்லத் திருப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால், கழுவிக் காயவைத்த இரப்பர்ச் செருப்பின் தட்டை அடிப்பக்கத்தில் லென்ஸை முகம் கவிழ்த்து வைத்து, மேலிருந்து சமமாக அழுத்தித் திருப்புங்கள். கண்ணாடி விளிம்புக்குக் கீழே தாழ்ந்திருந்தால் மட்டும். பிளாஸ்ரிக்கில் வரும் பில்ரர்ச் சாவி இரண்டு சேர்ந்து விலை சொற்பம், ஒரு சோடி பையில் கிடக்கட்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கும் யோசனை வேண்டாம், வெளியே எடுத்தவுடன் உள்ளே எல்லாம் வியர்க்கும்.

விழுந்து பில்ரர் உடைந்திருந்தால், லென்ஸை நிமிர்த்தாதீர்கள். முகம் கீழே பார்த்தபடியே பிடித்து, தளர்ந்த துண்டுகளைப் பம்ப்பால் ஊதி விழவிடுங்கள். தொங்கும் துண்டுகளை விளிம்பிலிருந்து குறட்டால் ஒவ்வொன்றாக எடுங்கள். முன்கண்ணாடியை நோக்கித் தள்ளாமல் வெளிப்பக்கமாக. பிறகுதான் வளையத்தைக் கழற்றும் கதை. வளையம் நெளிந்து புரியோடு சிக்கியிருந்தால் அதைப் பலவந்தமாகத் திருகாமல், லென்ஸ் திருத்துபவரிடம் கொடுங்கள். முன்கண்ணாடியில் மாவாகப் படிந்திருக்கும் கண்ணாடித் தூளைத் துணியால் தொடவே கூடாது. ஊதி, தூரிகையின் எடையாலேயே தட்டி, திரும்ப ஊதி, சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்றும் மினுங்கவில்லை என்று தெரிந்தபிறகு திரவத்தில் தோய்த்த துணியால் ஒரேயொரு தடவை துடையுங்கள்.